முடிச்சு யார்கிட்ட?

அவளை எல்லோரும் மிளகாய் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட அவள் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் துணிச்சல் இருந்ததில்லை. கோபம் அவளுக்கு மூக்குநுனியில் இருந்தது என்று சொன்னால் அது பொய். மூக்குநுனிவரை வந்து உட்கார்ந்திருக்க அந்தக் கோபத்துக்குப் பொறுமை கிடையாது.

ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது அவள் தொழில். கூட்டம், விற்பனைச் சந்தை, கட்டட வேலை என்று எங்கே கரண்டு இல்லையோ அங்கே அவள் இருப்பாள். பெட்ரோல் குழாயைத் திறக்காமலே கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது என்று போன் செய்கிறவர்களைத் திட்டுவாள். மூடிய அறைக்குள் மெஷினை ஓடவிட்டுவிட்டுத் தலை சுற்றுகிறது என்கிறவர்களை இன்னும் அதிகமாகத் திட்டுவாள். "சத்தம் கொஞ்சம் குறைச்சு வைக்க முடியாதா?" என்று கேட்ட ஒரு பெரிய மனிதரிடம், "முடியும், லைட்டையும் குறைச்சுக்கலாம்" என்று சொல்லி மெஷினை அணைத்துவிட்டு வந்தவள். இந்தக் கோபங்களால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. அவ திட்டுவா, ஆனா லைட் அணையாது என்று சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டார்கள்.

கெடுதல் செய்த கோபம் ஒன்றே ஒன்றுதான். அது அவள் தம்பிமேல் இருந்தது.

அவள் வீட்டில் இரண்டு அறை. முன்னறையில் பாதியை மெஷின் எடுத்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் கேபிள் சுருள்கள். அலமாரியில் மேல்தட்டில் துணி, கீழ்தட்டில் ஸ்பார்க் பிளக்கும் பழைய பில்டரும். அடுப்பு மேடையின் ஒரு மூலையில் எப்போதும் பிரித்துப்போட்ட ஏதாவது ஒன்று செய்தித்தாளின்மேல் காய்ந்துகொண்டிருக்கும். தலையணை உறையில்கூட லேசாகப் பெட்ரோல் வாசனை அடிக்கும். "நம்ம வீட்டுக்குக் கொசு வராததுக்கு இதுதான் காரணம்" என்பார் அவள் வீட்டுக்காரர். வண்டி ஓட்டுவது அவர் வேலை. அவர் பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கோபம் பாதி இறங்கிவிடும். மிளகாய்க்குத் தயிர் கிடைத்த மாதிரி என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

அந்த முன்னறையில் முன்பு இரண்டு மெஷின் இருந்தது. அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து வாங்கியவை, ஒரே நிறம், ஒரே அளவு. சின்ன வேலைக்கு ஒன்று போதும். பெரிய வேலை என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு சேர்ப்புப் பெட்டியில் இரண்டின் கரண்டையும் ஒன்றாக்கி எடுப்பார்கள். இரண்டு மாடு ஒரு வண்டியை இழுக்கிற கதைதான்.

அதில் ஒரு விஷயம் உண்டு. மெஷினிலிருந்து கரண்டு ஒரு ஒயரில் வெளியே போய், வேலையை முடித்துவிட்டு, நியூட்ரல் என்கிற இன்னொரு ஒயரில் திரும்பி வரும். ஏதாவது ஒரு பொருளுக்குள் ஒயர் அறுந்து அதன் இரும்பு உடம்பில் கரண்டு ஏறிவிட்டால், அந்தக் கரண்டு எர்த் ஒயர் வழியாக ஓடி வந்து நியூட்ரலைப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால்தான், போன அளவு நம் வழியாகத் திரும்பி வரவில்லையே என்று பார்த்து, பிரேக்கர் தானே விழுந்து கரண்டை நிறுத்தும். வீடுகளில் இந்த நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கும் இணைப்பு எங்கோ ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். தூக்கிக்கொண்டு போகிற இந்த மாதிரி மெஷினில் அது இருக்காது. நாம்தான் போட வேண்டும். உள்ளுக்குள் அந்த இரண்டையும் இணைத்த ஒரு பிளக்கை மெஷினின் காலி சாக்கெட்டில் செருகுவார்கள். அக்காவும் தம்பியும் அதற்கு முடிச்சு என்று பேர் வைத்திருந்தார்கள்.

தனி மெஷினுக்கு ஒரு முடிச்சு. இரண்டு மெஷினைச் சேர்த்தாலும் ஒரே முடிச்சுதான். இரண்டு போட்டால் திரும்பி வரும் கரண்டுக்கு இரண்டு கதவு திறந்த மாதிரி. பாதி நேர்வழியில் வரும், பாதி இரும்பு உடம்புகளையும் எர்த் ஒயரையும் குறுக்குவழியாக்கிக்கொண்டு வரும். கணக்கு ஒத்துவராமல் பிரேக்கர் சும்மா சும்மா விழும். அது தொல்லைதான், ஆபத்து இல்லை. முடிச்சே போடாமல் விட்டால் எந்தத் தொல்லையும் இருக்காது. எல்லாம் ஜோராக ஓடும். கசிந்த கரண்டு மட்டும் வீட்டுக்குப் போக வழியில்லாமல், இரும்பில் உட்கார்ந்து, யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. மெஷினைக் கிளப்பும் முன் ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து சத்தமாகக் கேட்பார்: "முடிச்சு யார்கிட்ட?" மற்றவர் அந்தப் பக்கத்திலிருந்து சொல்வார்: "என்கிட்ட." அல்லது, "உன்கிட்ட." அதன் பிறகு அவள் பையிலிருந்து ஒரு பல்பை எடுத்து, அதன் ஒரு ஒயரைச் சேர்ப்புப் பெட்டியின் சாக்கெட்டில் கரண்டு வரும் துளையிலும், இன்னொன்றை மெஷினின் உடம்பிலும் வைப்பாள். முடிச்சு சரியாக இருந்தால், பல்பு வாய் திறக்கும் முன்பே இரண்டு பிரேக்கரும் டக், டக் என்று விழும். விழுந்தால்தான் வேலை தொடங்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள், ஆரம்பத்திலேயே கரண்டு போச்சே என்று சிரிப்பார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம்தான் உயிர்.

பிறகு ஒரு நாள் தம்பி ஒரு வார்த்தை சொன்னான்.

ஒரு புது வாடிக்கையாளர் வந்து, இந்த மெஷின்லாம் யாரோடது என்று கேட்டார். அவள் வண்டிக்குப் பின்னால் குனிந்து எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் முழங்கைவரை கறுப்பு. தம்பி வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். "நம்மளதுதாங்க" என்றான். அவர் அவளைக் காட்டி, இவங்க என்று இழுத்தார்.

"அக்காங்க. சும்மா கூட வருவாங்க."

அவள் எண்ணெய் மூடியை இறுக்கினாள். அது வேண்டிய அளவுக்கு மேலேயே இறுகியது. பிற்பாடு அதைத் திறக்கக் குறடு தேவைப்பட்டது. சும்மா. எந்த மெஷினின் எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று இருட்டிலும் சொல்லக்கூடியவள் சும்மா வந்தவள். அவனுக்குக் கயிறு இழுக்கச் சொல்லிக்கொடுத்தவள் சும்மா. வீடு போய்ச் சேரும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை. மிளகாய் பேசாமல் வருவதைப் பார்த்து அவள் வீட்டுக்காரர் வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.

வாசலில் இறங்கியதும் தம்பியிடம் சொன்னாள்: "ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. தூக்கிட்டுப் போ."

அவன் ஏன் என்று கேட்டிருக்கலாம். அவனும் அவள் கூடப்பிறந்தவன்தானே. கேட்காமல் தூக்கிக்கொண்டு போனான். முடிச்சையும் கொண்டுபோனான், அது நீல டேப் சுற்றியது. அவள் அன்றைக்கே தனக்கு ஒன்று செய்து சிவப்பு டேப் சுற்றிக்கொண்டாள். அதோடு பேச்சு நின்றது.

ஆனால் பெரிய வேலை வந்தால் இரண்டு மெஷினும் வேண்டுமே. வயிறு கோபத்தைப் பார்க்குமா? பெரிய வேலைகளுக்கு மட்டும் சேர்ந்து போனார்கள். சேர்ப்புப் பெட்டி யாரிடமும் இல்லாமல் வண்டியிலேயே இருந்தது. மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது போய், வண்டியை நடுவில் நிறுத்தி, அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள், அடியில் ஒயர் ஓடும் என்று ஆயிற்று. பேச வேண்டியதை எல்லாம் வீட்டுக்காரர் சுமந்தார். அவள் சொல்வதை அவர் கொண்டுபோகிற வழியிலேயே பாதி தண்ணீர் ஊற்றிவிடுவார். அந்த மடையன் டேங்கை நிரப்பினானா என்று கேட்டு அனுப்பினால், "மாப்ள, அக்கா பெட்ரோல் இருக்கான்னு விசாரிச்சா" என்று போய்ச் சேரும்.

"நான் மனுஷனே இல்ல, ஒயர். அதுவும் நியூட்ரல் ஒயர். ரெண்டு பேருக்கும் நடுவுல, யாருக்கும் சொந்தம் இல்ல" என்று சிரிப்பார்.

முடிச்சு விஷயத்தையும் அவர்தான் ஒவ்வொரு முறையும் ஓடி ஓடித் தீர்த்துவைத்தார். ஒரு தடவை இவள் கழற்றினால் அடுத்த தடவை அவன். அதற்கே அவர் நாக்கு தள்ளிப்போகும்.

மைதானத்தில் விற்பனைச் சந்தை போட்ட அன்று அது தீரவில்லை.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. மைதானம் முழுக்கச் சேறு. கடைக்காரர்கள் பலகை போட்டு நடந்துகொண்டிருந்தார்கள். சந்தை நடத்துகிறவர் காதில் போனை வைத்துக்கொண்டே எல்லோரையும் விரட்டினார். மெஷின் இரண்டும் கிளம்பின. விளக்குகள் எரிந்தன, பெரிய மின்விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன, பிரேக்கர் விழுந்தது. ஏற்றினாள். மறுபடி விழுந்தது. அவளுக்குப் பார்க்காமலே தெரியும், சிவப்பும் இருக்கிறது நீலமும் இருக்கிறது.

"அவனைப் பிடுங்கச் சொல்லுங்க" என்றாள் வீட்டுக்காரரிடம். "போன தடவை நான்தான் கழட்டினேன்."

அவர் வண்டியைச் சுற்றிப் போனார். தம்பி அவரிடம், போன தடவை கழற்றியது தான்தான் என்றான். அதுவும் இல்லாமல், நீலம்தான் முதலில் இருந்தே இருந்த பிளக். சிவப்பு நடுவில் வந்தது. வந்தவர்கள்தான் போக வேண்டும் என்றான். வீட்டுக்காரர் திரும்பி வந்து, மாப்ள யோசிக்கிறான் என்றார்.

"யோசிக்க அவனுக்கு எது இருக்கு?" என்றாள்.

அவர் மறுபடி போனார். மறுபடி வந்தார். செருப்பில் சேறு ஒட்டி ஒட்டிக் கால் யானைக்கால் ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றி வண்டிக்கு அடியில் போட்டுவிட்டு வெறுங்காலில் நடந்தார். இதற்குள் பிரேக்கர் இன்னொரு முறை விழ, கடைகளிலிருந்து ஓ என்று சத்தம் கிளம்பியது. சந்தைக்காரர் போனை எடுத்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"உங்க குடும்பச் சண்டையை வீட்டோட வச்சுக்கங்க. வேற ஆளே இல்லன்னா உங்களைக் கூப்பிட்டேன்?"

அவளுக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தன. பதில் வாய்வரை வந்தது. ஆனால் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்வையில் சண்டைக்காரி மட்டும்தான் தெரிந்தாள். ஏதோ ஒரு கடையில் வேலைக்கு அழைத்ததால் வீட்டுக்காரரும் பக்கத்தில் இல்லை. அவள் குனிந்து சிவப்புப் பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கியதை அடுப்பில் போடுகிற மாதிரிப் பையில் போட்டாள். அவன் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் நான் தோற்றேன் என்று அவனிடம் சொல்ல ஓர் ஆள் அனுப்ப மாட்டேன்.

பிரேக்கரை ஏற்றினாள். விழவில்லை.

பிரேக்கரில் சோதித்துப் பார்க்க ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினாள். டக்கென்று விழுந்தது, ஏற்றினாள். பொத்தான் சொல்வது பிரேக்கரின் வயிறு சரியாக இருக்கிறது என்பதை மட்டும்தான், வெளியே முடிச்சு இருக்கிறதா என்று அது சொல்லாது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதற்குத்தான் பல்பு. பல்பு பையில்தான் இருந்தது. ஆனால் அதை வைத்தால் இரண்டு பக்கமும் விழும். எதற்கு விழுந்தது என்று அவன் எட்டிப் பார்ப்பான். இவள் முடிச்சைக் கழற்றியது தெரிந்து, அந்த உதட்டு ஓரத்தில் சிரிப்பான். நீலம் இருக்கும்போது பல்பு எதற்கு? அவள் பையை மூடினாள்.

அதன் பிறகு சந்தை நன்றாக நடந்தது. மெஷின்கள் இரண்டும் ஒரே சுருதியில் ஓடின. வீட்டுக்காரர் வந்து பார்த்து, "ரெண்டும் ராசி ஆயிடுச்சு. உங்களைவிட அதுங்களுக்கு அறிவு ஜாஸ்தி" என்றார். அவள் முறைத்தாள். மாப்ள கழட்டிட்டானா என்று அவர் கேட்கவில்லை. நீ கழட்டினியா என்றும் கேட்கவில்லை. ஓய்ந்த சண்டையைத் தட்டி எழுப்ப எந்த மனுஷனுக்குத்தான் ஆசை இருக்கும்?

ஜூஸ் கடைக்காரம்மா அப்போதுதான் வந்து இறங்கினாள். மழையில் நனைந்த குளிர்பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சேற்றிலும் கேபிளிலும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து, கடைசி இடத்தில் நிறுத்தி, பிளக்கைச் செருகினாள். குளிர்பெட்டி ஓடியது. வெயில் ஏறியிருந்தது, கூட்டமும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கையை உதறிக்கொண்டே வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பெட்டி சுள்ளுனு கடிக்குதுண்ணே. என்னன்னு பாருங்களேன்."

வேறு நாளாக இருந்தால் அவர் மிளகாயிடம் வந்து சொல்லியிருப்பார். அன்றைக்குச் சொன்னால், உன் கடையா என் மெஷினா, அவன் ஒயரா என் ஒயரா என்று இன்னொன்று ஆரம்பிக்கும். தானே பார்த்துவிடலாம் என்று போனார். பின்பக்கம் கை நீட்டிப் பிளக்கைப் பிடுங்கப் பார்த்தார். தரை வழுக்கியது. தண்ணீர் தேங்கிய இடத்தில் வெறுங்காலை ஊன்றி, இன்னொரு கையால் குளிர்பெட்டியின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்தார்.

மிளகாய் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதையோ பலமாக இழுக்கிற மாதிரி இருந்தது. பிறகு அவர் இழுக்கவில்லை, விட முடியவில்லை என்று புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைத்து, சத்தமே இல்லாமல் நின்றார்.

"தொடாதே, யாரும் தொடாதீங்க" என்று ஜூஸ் கடைக்காரம்மாவைப் பார்த்துக் கத்திக்கொண்டே பாய்ந்து தன் மெஷினை அணைத்தாள். மெஷின் இருமி நின்றது. திரும்பிப் பார்த்தாள். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். வண்டிக்கு அந்தப் பக்கம் இன்னொரு மெஷின், எவ்வளவு நல்ல மெஷின் அது, கொஞ்சமும் திணறாமல் தனியாளாகச் சுமையை இழுத்துக்கொண்டிருந்தது.

நடுவில் போய்ச் சொல்ல இப்போது ஒயர் இல்லை.

"தம்பி!" தொண்டை கிழிந்தது. "நிறுத்துடா! நிறுத்து, மாமா மாட்டிக்கிட்டாருடா!"

இத்தனை காலம் கழித்து அக்காவின் குரல் தன்னைக் கூப்பிட்டதில் அவன் ஒரு கணம் திகைத்தான் என்று பின்னால் சொன்னான். அந்த ஒரு கணத்தையும் அவள் மன்னிக்கவில்லை. மெஷின் நின்றது. மைதானம் முழுக்க ஒரே அமைதி. அவர் வெட்டிய மரம் மாதிரித் தண்ணீரில் விழுந்தார்.

மூச்சு இல்லை. தம்பி ஓடி வந்து அவரைப் புரட்டி, நெஞ்சின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தான். சந்தைக்காரர் அதே போனில் ஆம்புலன்சைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் சேற்றில் மண்டியிட்டு அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு திட்டினாள். அவளுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. எந்திரிங்க, செருப்பை யார் கழட்டச் சொன்னது, என்கிட்ட ஏன் சொல்லல, எந்திரிங்கன்னா எந்திரிங்க என்று, வாழ்நாளில் சேர்த்துவைத்த கோபம் எல்லாவற்றையும் அந்த முகத்தின்மேல் கொட்டினாள். அவர் இருமினார். இருமிவிட்டு, கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தார். திட்டு வாங்கிப் பழகிய முகச்சுளிப்பு அது.

மருத்துவமனை வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. ஒரு கோடியில் அவள், மறு கோடியில் அவன். நடுவில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம். உள்ளே அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். ஆம்புலன்ஸ் போன பிறகும் தம்பி மைதானத்திலேயே இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். குளிர்பெட்டிக்குள் கரண்டு ஒயர் உரசி அதன் உடம்பில் ஏறியிருந்தது. வெளியே, தள்ளுவண்டிச் சக்கரம் ஏறிய இடத்தில் கேபிளின் தோல் உரிந்து நியூட்ரல் ஒயர் மாமா கால் ஊன்றிய குட்டைத் தண்ணீரில் கிடந்தது. பெட்டி ஒரு முனை, தண்ணீர் ஒரு முனை. நடுவில் மாமா. முடிச்சு இருந்திருந்தால் அந்தப் பெட்டியைச் செருகிய நொடியே பிரேக்கர் விழுந்திருக்கும். கடிக்கும்வரைகூடப் போயிருக்காது.

அவளுக்கும் அதுதான் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பினாள்.

"ஏன்டா விழல? முடிச்சை வச்சுக்கிட்டு என்னடா புடுங்கிட்டு இருந்த? பிளக்கை ஒழுங்கா செருகினியா இல்லியா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணிலும் அதே கோபம் தயாராக இருந்தது.

"என்கிட்ட எங்க இருந்துச்சு? உங்கிட்டதானே இருந்துச்சு."

சட்டைப் பையிலிருந்து நீலத்தை எடுத்தான். சேறு படாமல் சுத்தமாக இருந்தது. சந்தைக்காரர் எல்லோர் முன்னாலும் கத்திய அதே நேரத்தில்தான் அவனும் பிடுங்கியிருக்கிறான். பிடுங்கிவிட்டு, அக்கா ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளட்டும், நான் ஆள் அனுப்பிச் சொல்ல மாட்டேன் என்று அவனும் நினைத்திருக்கிறான். அவனும் பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறான்.

அவள் பைக்குள் கையை விட்டாள். விரல் முதலில் பல்பில் பட்டது. அதைத் தள்ளிவிட்டுச் சிவப்பை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தாள். அவன் நீலத்தைப் பக்கத்தில் வைத்தான். அவளுக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அதே கையால் தன்னையும். எழுந்து யார்மேலாவது கத்தலாம் என்றால் கத்த ஆள் இல்லை. சந்தைக்காரரைத் திட்ட முடியாது, குளிர்பெட்டியைத் திட்ட முடியாது. வராந்தாவில் போகிறவர்கள், ஒரு பெண்பிள்ளை ஒரு பிளக்கை முறைத்துக்கொண்டிருப்பதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர் பிழைத்தார். வலது உள்ளங்கையில் கைப்பிடியின் அச்சு அப்படியே தீய்ந்திருந்தது. இரண்டு விரல் சரியாக மடங்கவில்லை. அதற்குப் பிறகு வண்டி ஓட்டும்போது ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தம்பி அவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. வளைவு வந்தால் அவன் கையும் சேரும். வீட்டுக்கு வந்த அன்று அவளையும் அவனையும் முன்னறையில் நிற்கவைத்துக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடி அவர் சொன்னார்.

"ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்தீங்க பாருங்க, அன்னிக்குத்தான் நான் போகப் பார்த்தேன். நல்லாச் சண்டை போட்டுட்டு இருந்திருந்தா பிரேக்கர் விழுந்துட்டே இருந்திருக்கும், நானும் நடுவுல ஓடிட்டே இருந்திருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"இனிமே நான் ஒயர் இல்ல. பேசணும்னா நேரா பேசுங்க. திட்டணும்னா நேரா திட்டுங்க. என் வழியா ஒரு வார்த்தை வரக்கூடாது."

மிளகாய்க்கு அதற்கும் கோபம் வந்தது. ஆனால் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்வது?

அடுத்த பெரிய வேலை ஒரு கட்டடத்தின் முன்வாசலில் வந்தது. வழக்கம்போல வண்டி நடுவில். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். அவர் வண்டிக்குள் உட்கார்ந்து நேரே முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், இடமும் திரும்பவில்லை, வலமும் திரும்பவில்லை. வேலை கொடுத்தவர் வந்து, எதை எங்கே செருக வேண்டும் என்று தம்பியிடம் கேட்டார். "அவங்ககிட்ட கேளுங்க" என்றான் தம்பி, இந்தப் பக்கம் தலையைத் திருப்பாமலே. அது மன்னிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சும்மாவுக்கு இது ஈடாகாது. அவள் அதை வாங்கிப் போட்டுக்கொள்ளவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை.

மெஷினின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. அவனும் கயிற்றோடு நிற்கிறான் என்று தெரிந்தது. யார் முதலில் என்று காத்துக்கொண்டு நிற்கிறான், கொழுப்பெடுத்தவன். வண்டியின் கண்ணாடியில் வீட்டுக்காரரின் முகம் தெரிந்தது. மடங்காத இரண்டு விரலும் ஸ்டியரிங்கின்மேல் நீட்டிக்கொண்டிருந்தன.

பற்களுக்கு நடுவிலிருந்து வந்தது அவள் குரல்.

"முடிச்சு யார்கிட்டடா?"

வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"உன்கிட்ட."

"வாயால சொன்னா போதாது. உன்னோடதைக் காட்டு."

வண்டியின் கூரைக்கு மேலே ஒரு கை உயர்ந்தது. நீல டேப் சுற்றிய பிளக்கைப் பிடித்திருந்தது. அவளும் தன் சிவப்பைச் சாக்கெட்டில் செருகிவிட்டு, "என்கிட்டதான், வந்து பார்த்துக்கோ" என்றாள். அவன் வந்தான். குனிந்து பார்த்தான். திரும்பிப் போனான்.

இரண்டு மெஷினும் கிளம்பின. அவள் பையிலிருந்து பல்பை எடுத்தாள். ஒரு ஒயரைச் சேர்ப்புப் பெட்டியில் செருகி, இன்னொன்றை மெஷினின் உடம்பில் வைத்து அழுத்தினாள்.

டக். வண்டிக்கு அந்தப் பக்கம் இன்னொரு டக்.

"ஏத்துடா" என்றாள்.